அடுத்த மழைக்கு வர்றோம்

எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டுக்குப் போவதென்றால் யாரும் கிழமை சொல்ல மாட்டார்கள். "அடுத்த மழைக்கு வர்றோம்" என்பார்கள். கேட்கிறவர்களும் "ஆகட்டும், வாங்க" என்று தலையாட்டுவார்கள். றப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. மீறி வெட்டினால் பால் சிரட்டைக்கு இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்து பாழாகும். ஆகவே விடியும் நேரத்தில் மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. துக்கம் விசாரிப்பது, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பார்ப்பது, பெண் பார்ப்பது, பழைய சண்டையைப் புதுப்பிப்பது எல்லாம் அந்த நாளில்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு வைகாசியில், எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு சேதி வந்தது. கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி. பால் ஏற்றும் லொறியில் அவர் கிளீனர். தெரணியகலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்கும், மலைக்கு அந்தப் பக்கம் எட்டியாந்தோட்டைப் பக்கமிருந்த தோட்டத்துக்கும் அதே லொறிதான் போகும்.

"பையன் தங்கமான பையன்க்கா. குடி கிடி ஒண்ணும் கெடையாது. அம்மாவும் அவனுந்தான். ரெண்டு பேருமே பால் வெட்டுறவங்க. அடுத்த மழைக்கு வர்றோம்னு சொல்லிட்டாங்க" என்றார் மாமா, லொறியின் பின்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றபடி.

பார்க்க வருவது என் அக்காவை. அக்காவுக்கு அப்போது இருபத்தேழு. ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வீட்டார் உயரம் போதாது என்றார்கள். இன்னொரு வீட்டார் வயதைக் காரணம் காட்டினார்கள். இரண்டு தடவையும் அக்கா பக்கத்து வீட்டுக்காரியின் நீலச் சேலையை இரவல் வாங்கிக் கட்டி, தட்டு நீட்டி, அப்புறம் அதைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் குதிப்பேன். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

அந்தத் தடவை குதிக்க எனக்கு வேறு காரணமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, நம்முடையதாக இருக்க வேண்டுமானால் அந்த வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட வேண்டும், அதாவது வேலைக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு மூச்சிழுப்பு வந்து வேலையை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. அம்மாவுக்குக் கை நடுங்கும். கத்தி பிடித்தால் பட்டைக்குப் பதில் மரத்தையே வெட்டிவிடுவாள். எங்கள் வீட்டில் பேர் போட்டது அக்கா ஒருத்திதான். நான் டவுன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை அடுத்த வருஷம். அக்கா கல்யாணமாகி மலைக்கு அந்தப் பக்கம் போனால் அவளுடைய கத்தி என் கைக்கு வரும். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன?

அக்காவுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன். என் படிப்பு நிற்கக் கூடாது என்றும் அதே அளவுக்கு ஆசைப்பட்டேன். அந்த வாரம் முழுக்க நான் வானத்தைப் பார்த்த மாதிரி புத்தகத்தைப் பார்த்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

திங்கட்கிழமை விடியும்போதே தகரத்தில் மழை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் கங்காணி அடித்து, "இன்னைக்கு வெட்டு இல்ல!" என்று கத்தியது எங்கள் லயம்வரை கேட்டது. அம்மா அடுத்த நிமிஷமே உளுந்தை ஊறப்போட்டாள். நான் பள்ளிக்கூடம் போகவில்லை. தரையை மெழுகி, அப்பாவின் கட்டிலை மூலைக்குத் தள்ளி, ஒழுகுகிற இடத்தில் சட்டி வைத்து, அந்தச் சட்டி தெரியாமல் ஒரு பலகையைச் சாத்தி வைத்தோம். அக்கா தலைக்கு ஊற்றிவிட்டு நீலச் சேலையைக் கட்டினாள். அம்மா வடை சுட்டாள். பத்து மணி பஸ் போனது. பன்னிரண்டு மணி பஸ்ஸும் போனது. மழை விட்டு, வெயில் வந்து, லயத்து வாசலில் ஆவி பறந்தது. எவரும் வரவில்லை.

"மழையில பஸ் கெடைச்சிருக்காது" என்றாள் அம்மா.

"பஸ்ஸு இப்பதானே போச்சு, கண்ணால பாத்தோமே" என்றேன்.

"நீ ஒருத்தி, கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டு நிக்காத. போய் அப்பாவுக்கு வடை குடு."

வடையை நாங்களே தின்றோம். மிச்சத்தைப் பக்கத்து காம்பராவுக்குக் கொடுத்தோம். சேலைக்காரிக்குக் கூடவே இரண்டு.

மறுநாள் பளிச்சென்று வெயில். அக்கா வெட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானம் பால் லொறி வந்தபோது நான் பால் சேர்க்கும் கொட்டகைக்கே ஓடிப்போய் மாமாவைப் பிடித்தேன். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அந்தப் பக்கம் நேத்து ஒரு பொட்டுக்கூட மழை இல்லையாம். நல்ல வெயிலாம். அவங்க பாட்டுக்கு வெட்டுக்குப் போயிட்டாங்க. மழைக்குத்தானே வர்றோம்னு சொன்னாங்க!"

சொன்னவர்களும் கேட்டவர்களும் 'மழை' என்றார்களே தவிர எந்தப் பக்கத்து மழை என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வருஷத்தின் மற்ற நாட்களில் யோசிக்கத் தேவையும் இருக்காது. கடலிலிருந்து வருகிற பெருமழை பிடித்துவிட்டால் மலைக்கு இரு பக்கமும் ஒன்றாகத்தான் நனையும். ஆனால் அது பிடிப்பதற்கு முந்திய அந்த வாரங்களில் வானம் ஒரு நிலையில் இருக்காது. அங்கே கொட்டும், இங்கே காயும். பஸ் ஒரு வளைவு திரும்பினால் ரோடு நனைந்திருக்கும், அடுத்த வளைவில் புழுதி பறக்கும். புவியியல் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் படித்திருந்தேன். வீட்டில் அதைச் சொல்லியிருந்தால் உதை விழுந்திருக்கும்.

"வர்ற கெழமையக் கேட்டுட்டு வாங்க மாமா" என்றேன்.

"கெழமை சொன்னா, அன்னைக்கு வெயிலடிச்சா யாரு பேர விட்டு ஒரு நாள் கூலிய எழக்குறது?" என்றார். அதுவும் நியாயம்தான்.

இதில் இன்னொரு கூத்து இருந்தது. பால் இருந்தால்தான் லொறி வரும். இங்கே மழை பெய்தால் பால் இல்லை, லொறி இல்லை, மாமா இல்லை. எந்த நாளில் சேதி வேண்டுமோ அந்த நாளில் பார்த்துச் சேதி வராது.

புதன்கிழமை ரெண்டுங்கெட்டான். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஊசித் தூறல். மரம் காயட்டும் என்று பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அக்கா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஊறிய உளுந்தை வைத்துக்கொண்டு அரைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்தாள். என்னைப் பள்ளிக்கூடம் போ என்றாள், பஸ்ஸுக்குக் கிளம்பினால் இரு என்றாள். நான் சீருடையோடு வாசலில் நின்று மேகத்தைத் திட்டினேன். பெய்கிறதென்றால் பெய்ய வேண்டும், இல்லையென்றால் ஒழிய வேண்டும். ஒன்பது மணியளவில் தூறல் நின்று எல்லோரையும் மலைக்கு அனுப்பினார்கள். அதற்குள் என் பஸ்ஸும் போய்விட்டது. அம்மா உளுந்தை அரைத்துத் தோசைக்குச் சேர்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை காற்றோடு மழை. லயத்துக் கோடியில் நின்ற பலா மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து குழாயடியில் விழுந்தது. மறுபடியும் மெழுகல், மறுபடியும் தலைக்குளியல், மறுபடியும் நீலச் சேலை. இரவல் கேட்கப் போனது நான்தான். சேலைக்காரி, "பேசாம நீங்களே வச்சுக்கங்களேன், தெனமும் வந்து கேக்குறதுக்கு" என்று சிரித்தாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் காது சுட்டது.

அன்றைக்கும் யாரும் வரவில்லை. அக்காவுக்குத் தடிமன் பிடித்ததுதான் மிச்சம். தும்மிக்கொண்டே சேலையை மடித்தவள், "இனிமே இதக் கட்டமாட்டேன்" என்றாள். கோபமில்லாமல், சோறு போதும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அம்மா திரும்பிப் பார்த்தாள். அக்கா அப்படிச் சொன்னால் அது அப்படித்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. அக்கா வெட்டுக்குப் போனாள். அம்மா உளுந்து டப்பாவையே திறக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாள். சீனி வாங்க ரோட்டுக் கடைக்குப் போனேன். கடை முதலாளி சிங்களவர், என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவர். சீனியைச் சுற்றிக்கொண்டே மலைப்பக்கம் தாடையை நீட்டி, "அர பலன்ன, வெஸ்ஸ" என்றார், அதோ பார் மழை என்று. பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே நீலம். மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் கரியைப் பூசியது போல் கறுத்துக் கிடந்தது.

கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை, பத்து மணி பஸ் வந்து நின்றது. இறங்கியது இரண்டு பேர். மயில் பச்சையில் சரிகைக் கரை வைத்த சேலை கட்டிய ஓர் அம்மா. அவர் பின்னால் நீளக் கை சட்டை போட்ட ஒரு பையன். மண் சுடும் வெயிலில் அவன் கையிலிருந்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இவர்கள் யார் என்று நான் கேட்கவேயில்லை. அந்தக் குடையைப் பார்த்தாலே போதும்.

அவர்களைக் கூட்டிக்கொண்டு படியேறி லயத்துக்கு வந்ததும் அம்மாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அடுப்பில் சோற்றுப் பானை. கட்டில் நடுவீட்டில். ஒழுகல் சட்டி அதன் இடத்தில் அப்படியே. அப்பா மேல்சட்டை இல்லாமல் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க, வாங்க... இன்னைக்கு வெயிலா இருந்துச்சா, புள்ள வெட்டுக்குப் போயிருச்சுங்க" என்று அம்மா தடுமாறினாள்.

"எங்க பக்கம் விடியிறப்பவே கொட்டிருச்சுங்க. அதான் கெளம்பிட்டோம். இங்க இப்பிடிக் காயும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அந்த அம்மா. குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது, ஆனால் சிரித்த முகம்.

"ஏய், ஓடிப்போய் அக்காவக் கூட்டியா" என்று அம்மா என்னைத் தள்ளினாள்.

"எதுக்குங்க கூட்டிக்கிட்டு வர்றது? பாதி வெட்டுல விட்டுட்டு எப்பிடி வரும்? நாங்களே போய்ப் பாக்குறோம். வெட்டுற எடம் எங்களுக்கென்ன புதுசா?"

அம்மா கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினாள். வெட்டுக்குப் போகும் உடுப்பு எப்படியிருக்கும் என்று றப்பர் தோட்டத்தில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. பால் பட்டுப் பட்டுத் தோல் மாதிரி விறைத்துப்போன ஒரு பாவாடை, அப்பாவின் பழைய சட்டை, தலையில் ஒரு துண்டு. போதாததற்குப் பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலின் நாற்றம். வேறு எந்தப் பெண்ணையாவது அப்படிப் பார்க்கப் போவார்களா என்று எனக்கு உள்ளே கொதித்தது. அதே சமயம், இதோடு இந்த இடமும் போய்விடும், கத்தி என் கைக்கு வராது என்று ஒரு மூலையில் நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை. வேகமாக முன்னால் நடந்தேன்.

ஏற்றத்தில் அந்த அம்மாவுக்கு இடது முட்டி மடங்கவில்லை. மகன் கை கொடுத்தான், தட்டிவிட்டார். பாதையோரத்து மரங்களில் கத்தி போட்டிருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு மரத்தடியில் நின்று பட்டையில் கத்தி விட்ட காடியை விரலால் தடவி, "இது யாரு வெட்டு?" என்றார்.

"அக்காவோடதுதாங்க. இதுலேருந்து அந்த ஓடை வரைக்கும் அக்கா மரந்தான்."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

அக்கா மேலே வெட்டி முடித்து, சிரட்டைகள் நிறையட்டும் என்று காத்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். தலைத் துண்டை அவிழ்க்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது. "வாங்க" என்றாள், தடிமன் குரலில். வேறு ஏதாவது பேசுவதற்குள் வெளிச்சம் மங்கியது. மலைக்கு அந்தப் பக்கத்தை முடித்துக்கொண்டு மழை முகட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. இலைகளின்மேல் அது வரும் சத்தம் முதலில் கேட்டது.

கீழேயிருந்து கங்காணி கத்தினார். "பால எடு! பால எடுங்க!"

இந்தக் குரலுக்கு என்ன அர்த்தமென்று சொல்ல வேண்டும். சிரட்டையில் பால் நிற்கும்போது மழை விழுந்தால் விடியலிலிருந்து பட்ட பாடு முழுக்கத் தண்ணீர். ஆகவே அந்தக் குரல் கேட்டால் அவரவர் வாளியோடு ஓடுவார்கள். அக்கா ஓடினாள். நான் ஓடினேன். மூன்றாவது மரத்தில் திரும்பிப் பார்த்தால், மயில் பச்சைச் சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொண்டு அந்த அம்மா ஓடை பக்கத்து வரிசையில் சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முட்டி நொண்டி நொண்டி இழுத்தது, கை மட்டும் நிற்கவில்லை. மகன் நீளக் கை சட்டையோடு மேல் வரிசைக்கு ஏறிவிட்டான். எவரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அந்தக் குரல் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு உடம்பு தானாக ஓடும்; விருந்தாளி என்பதெல்லாம் அப்புறம்.

கடைசிச் சிரட்டைகளைக் கவிழ்க்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் சொட்டச் சொட்ட நனைந்தோம். பாலைக் கொட்டகையில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நின்றபோது பெண் யார், பெண் பார்க்க வந்தவர் யார் என்று அம்மாவுக்கே ஒரு நிமிஷம் மயங்கியிருக்கும். மயில் பச்சைச் சேலையின் முன்புறம் முழுவதும் பால் தெறித்து வெள்ளை வெள்ளையாக உறைந்திருந்தது.

கோப்பித் தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு அந்த அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"புள்ளைக்குக் கை நல்லா ஓடுது. எங்களுக்குச் சம்மதங்க. ஆடி வந்துட்டா தள்ளிப் போயிரும், ஆனியிலேயே முடிச்சிருவோம்."

"ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்றாள் அம்மா, மூச்சு விடாமல். என் பக்கம் அவள் திரும்பவேயில்லை. அப்பா கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது, சந்தோஷப்பட முடியவில்லை.

அக்கா அடுப்படியில் நின்று பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிவதை நிறுத்தாமல் சொன்னாள்.

"ஆனி வேணாங்க. தங்கச்சி அடுத்த வருஷம் பரீட்சை எழுதுறா. அது முடியட்டும். அது வரைக்கும் நான் இங்கதான் பேர் போடணும்."

அம்மா தலையிலேயே அடித்துக்கொண்டாள். "இவ என்னத்தப் பேசுறா! நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க..."

அந்த அம்மா கையை உயர்த்தித் தடுத்தார். "இருங்க, புள்ள நேரா பேசுது. நானும் நேரா சொல்லிர்றேன். எனக்கு முட்டி போயிருச்சு. இன்னும் வெட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். மருமக வந்தா கத்தியக் கீழ வைக்கலாம்னுதான் இந்த அவசரம். ஒரு வருஷத்துக்கு மேலன்னா எப்பிடி?"

"அப்ப வேற எடம் பாத்துக்கங்க" என்றாள் அக்கா. அதிலும் கோபமில்லை. சேலை வேண்டாம் என்று சொன்ன அதே குரல்.

என் காதால் கேட்டதை என்னால் நம்ப முடியவில்லை. அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவளும் என்னிடம் சொன்னதில்லை. வேண்டாம் அக்கா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

அவர்கள் எழுந்தார்கள். செருப்பைப் போட்டார்கள். "வர்றோம்" என்றார்கள். பையன் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்க்க இறங்கிப் போனவன், நனைந்த கோழியாகத் திரும்பி வந்தான்.

"பாலம யட்டவெலாவாம். த்ரீவீல்காரங்க சொல்றாங்க. தண்ணி மேல போகுது, பஸ்ஸு அந்தப் பக்கமே நின்னுருச்சு" என்றான். ரோட்டையும் ஊரையும் சேர்க்கும் சப்பாத்துப் பாலம், ஆற்றோடு ஒட்டித் தாழ்வாகக் கட்டியது, வெள்ளத்துக்கு அடியில் போய்விட்டது.

இப்படி ஒரு கொடுமையை நான் எங்கும் கண்டதில்லை. பேச்சு முறிந்துபோன இரண்டு குடும்பம் ஒற்றைக் காம்பராவுக்குள், ஒழுகல் சட்டியின் டொக் டொக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அப்பா இருமினார். அம்மா கோதுமை மா குழைத்து ரொட்டி சுட்டாள், மிளகாயை இடித்துக் கட்டச் சம்பல் செய்தாள். சாப்பிட மாட்டோம் என்று சொல்லவும் அவர்களால் முடியவில்லை, காலையிலிருந்து பட்டினி. பையன் அடிக்கடி பாலத்தைப் பார்க்கப் போனான். போகாத நேரத்தில் மூலையில் அடுக்கியிருந்த என் புத்தகங்களின் முதுகை வாசித்துக்கொண்டிருந்தான். நான் கட்டிலுக்கும் கதவுக்கும் நடந்தேன். நடக்க அவ்வளவு இடம்தான் இருந்தது.

அக்காதான் முதலில் அசைந்தாள். விளக்கிலிருந்து கொஞ்சம் மண்ணெண்ணெயை ஒரு துணியில் நனைத்துக்கொண்டு அந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்து சேலைக் கறையைத் துடைக்கத் தொடங்கினாள். றப்பர் பால் துணியில் பிடித்தால் போகாது. அது இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் அவள் துடைத்தாள், அவர் காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல சேலைங்க" என்றாள் அக்கா.

"இருக்குறது இது ஒண்ணுதான்" என்றார் அவர். "விடு, இனி யாரப் பாக்கக் கட்டப் போறேன்."

அப்புறம் பேச்சு மரத்துக்குப் போனது. எந்தப் பட்டை வெட்டுகிறீர்கள், அங்கே கங்காணி எப்படி, அட்டைக்கு என்ன பூசுகிறீர்கள். கல்யாணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடுவில் ஒருமுறை இருவரும் சிரித்தார்கள். எதற்கென்று எனக்குக் கேட்கவில்லை. பையன் தன் அம்மாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் பாலத்துக்குப் போனான்.

திடீரென்று அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "நடந்தது போதும், இங்க வந்து ஒக்காரு. என்னடி படிக்கிற?"

"தமிழ், அரசியல், புவியியல்ங்க."

"புவியியல்னா?"

"மலை, ஆறு, மழை, அதெல்லாங்க."

"மழை எங்க பெய்யும்னு படிச்சுக்கிட்டே ஒரு வாரமா உங்கம்மாவ வடை சுட விட்டியா?" என்றார். அம்மாகூட சிரித்துவிட்டாள். மாமாதான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு முகம் சிவந்தது.

"பாஸ் பண்ணுவியா?"

"பண்ணுவேங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரசியல் பாடத்தில் அந்தத் தவணைப் பரீட்சையில் நான் எடுத்த புள்ளியை வெளியே சொல்ல முடியாது.

அவர் இடது காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல நீட்டினார். முட்டி வீங்கிப் பளபளத்தது. காலையில் ஓடியது அதற்குள் காட்டிவிட்டது. அதை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கும்னுதான் நெனக்கிறேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா எழுந்து நின்று மறுபடியும் கும்பிட்டார். அக்கா தலையை நிமிர்த்தவில்லை. துடைத்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலேயே ஒருத்தி கல்யாணத்தைத் தள்ளி வைத்தாள், இன்னொருத்தி முட்டியை அடகு வைத்தாள். அந்தக் கடனை எனக்கு வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் எனக்கு அது வேண்டியிருந்தது.

சாயந்தரம் மழை விட்டது. பாலத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது, கணுக்கால் அளவுதான் என்று பையன் வந்து சொன்னான். அம்மாவும் அக்காவும் லயத்துக் கோடிவரை போய் வழியனுப்பினார்கள். நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். ரோட்டுக்கு இறங்கும் கல்படிகள் வழுக்கிக்கொண்டிருந்தன. அந்த அம்மா மகனின் கையைப் பிடிக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, நல்ல காலை ஒரு படியில் வைத்து, மற்றக் காலையும் அதே படிக்கு இறக்கி, நின்று மூச்சு வாங்கி, அப்புறம்தான் அடுத்த படிக்குப் போனார். நாளை விடியலில் வெயிலடித்தால் இதே காலோடு அவர் மலையேற வேண்டும். நாளை மறுநாளும் ஏற வேண்டும். நான் பரீட்சை எழுதுகிற நாள்வரைக்கும் ஏற வேண்டும்.

அவர் ரோட்டை எட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து, வெளிச்சம் இருக்கும்போதே, அரசியல் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன்.